மாங்காய்க் கறை

கிரைண்டரில் ஒரு இரும்புத் துண்டை நொடி நேரம் தொட்டு எடுத்தால் போதும், பறக்கிற பொறியைப் பார்த்து அது என்ன இரும்பு என்று சொல்லிவிடுவேன். ஜன்னல் கம்பியின் பொறி நீளமாக, சோம்பேறித்தனமாகப் போய் அணையும். லாரி ஸ்பிரிங் பட்டையின் பொறி நுனியில் ஒருமுறை வெடிக்கும். பழைய அரத்தின் பொறி கிளம்பிய இடத்திலேயே மத்தாப்பு மாதிரி பூத்துக் கொட்டும். இது எனக்குத் தெரியும் என்பதில் கொஞ்சம் அதிகமாகவே தலைக்கனம் உண்டு. என் மனைவியின் அரிவாள்மணையையும் ஒருநாள் இப்படித்தான் சோதித்தேன். அரத்தைவிட அடர்த்தியாகக் கொட்டியது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எல்லாவற்றையும்விட அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த அரிவாள்மணை அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. ஆடலூரில் அவர்களுக்குக் காப்பித் தோட்டம், ஊடே மிளகுக் கொடியும் ஆரஞ்சு மரங்களும். மாமியார் காலமான பிறகு மச்சினன்மார் இருவரும் தோட்டத்தைப் பிரித்துக்கொண்டார்கள். இவள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மாவின் அரிவாள்மணையை மட்டும் கேட்டு வாங்கினாள். கோணிச்சாக்கில் சுற்றி, நுனி யாரையும் குத்திவிடாதபடி பழைய சேலைத் துண்டைக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"காட்ட விட்டுட்டு அருவாமணையத் தூக்கிட்டு வந்திருக்கியே, ஒன்னய என்னன்னு சொல்றது," என்றேன்.

"காடு எங்கண்ணனுக உழைச்சது. இது எங்கம்மா உக்காந்தது. நாளைக்கு நம்ம பாப்பாவுக்குக் குடுப்பேன்," என்றாள்.

மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இவள் அந்தச் சின்ன வயதிலேயே அவளைக் கூப்பிட்டு, "இது ஒனக்குத்தான்" என்று காட்டி வைத்தாள். பிள்ளையும் தலையாட்டிக்கொண்டது. பிறகு அரிவாள்மணை அடுப்படியில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பலா மரத்து மணை. அதில் இருந்த இரும்பு சந்தையில் விற்கிற அரிவாள்மணை இரும்பு மாதிரி தடியாக இருக்காது. ஒல்லியாக, வளைவு சீராக, தொட்டால் சில்லென்று இருக்கும். அது ஒருகாலத்தில் வாளாக இருந்ததாம். வாளைப் பாதியாக வெட்டி, ஏதோ ஒரு கொல்லர் வளைத்து அடித்துக் கொடுத்தாராம். அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் கிண்டல் செய்வேன். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டைக் கேட்டாலும் ஒரு வாள் இருந்திருக்கும், ஒரு பல்லக்கு இருந்திருக்கும். பல்லக்குத் தூக்கினவன் வீடு மட்டும் எங்கேயும் இருக்காது. "ஒங்க வீட்டுல யானை கட்டியிருந்தாகளா இல்லையா, அதையும் சொல்லிரு," என்பேன். அவள் தன்பாட்டுக்குக் காய் நறுக்குவாள்.

பங்குனி, சித்திரையில் மாங்காய் வரும்போது மட்டும் ஒரு புகார் சொல்லுவாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க. மாங்கா வெட்டிட்டு அப்படியே வச்சா இதுல கோடு கோடா கறை ஏறுது. ஆத்துல தண்ணி வடிஞ்ச மணல் மாதிரி இருக்கு." நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே, "இரும்புன்னா கறை ஏறத்தான் செய்யும், செங்கப்பொடி போட்டுத் தேய்," என்பேன். தேய்ப்பாள். கறை போய்விடும். அடுத்த மாங்காய்க்குத் திரும்பவும் வரும். அவள் அம்மாவும் அப்படித்தான் செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பாராம்.

இது இப்படி இருக்க, எனக்குக் கத்திப் பித்து பிடித்தது வட்டக்கானலிலிருந்து வந்த ஒருவரால். நான் மலைமேல் அட்டுவம்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் என் சோலி. வட்டக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் பார்க்கிறவர் பிடி உடைந்த கத்தி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். துணியை விலக்கிப் பார்த்ததும் எனக்கு அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. கத்தியின் உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாக ரேகை ஓடியது. மேலே வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன்.

"சொரண்டாதீங்கண்ணே. அது உள்ளருந்தே வர்ற டிசைன். பாரின் கெஸ்ட் ஒருத்தர் விட்டுட்டுப் போனது," என்றார்.

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுசனுக்கு இப்படிப் பித்துப் பிடிக்கக் கூடாது. எனக்குப் பிடித்துவிட்டது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தேன். கேட்பதற்கு எளிய விஷயம்தான். இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஒன்று அமிலம் பட்டால் கறுப்பது, இன்னொன்று கறுக்காதது. அடுக்கை உலையில் வைத்து, இடுக்கெல்லாம் வெங்காரம் தூவி, வெளிர் மஞ்சளாகப் பழுத்து வரும்போது அழுத்தினால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டியை நீட்டி, வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் திரும்ப அடிக்க வேண்டும். ஏழு அடுக்கு பதினாலாகும், பதினாலு இருபத்தெட்டாகும். முறுக்கினால் ஒரு கோலம், குடைந்து அடித்தால் வேறொரு கோலம். கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கி அமிலத்தில் முக்கி எடுக்கும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே தெரியும். அதுவரைக்கும் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று செய்தவனுக்கே தெரியாது.

செய்யப் போனால்தான் கஷ்டம் தெரியும். கறுக்காத எஃகு எங்கே கிடைக்கும் என்று நான் அலைந்தபோது கைகொடுத்தவர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். மலைக்குக் கீழே மரமில்களில் ஓய்ந்துபோன ரம்பப் பட்டைகளை அவர்தான் வாங்கி வந்து தந்தார். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. அமிலப் பொடி மதுரையிலிருந்து வந்தது. லாரி ஜாக்கியை வைத்து இரும்பை அழுத்துகிற பிரஸ் ஒன்றை நானே செய்தேன். முதல் ஆறு கட்டியும் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தன. ஏழாவது ஒட்டியது. அன்றைக்கு அமிலத்திலிருந்து கத்தியை எடுத்தபோது நான் பட்டறைக்குள் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு, பக்கத்து டெய்லர் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வட்டக்கானல் சமையல்காரர் வாயிலாக விஷயம் பரவி, ரிசார்ட் செஃப்புகள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது. அந்த வீடியோக்களில் இன்னொரு சரக்கைப் பற்றியும் சொன்னார்கள். அதற்கு அடுக்கு கிடையாது, ஒட்டு கிடையாது. மூசை என்கிற மண் குடுவைக்குள் இரும்பையும் இலையையும் போட்டு மூடி உருக்கினால், ஆறிய கட்டிக்குள்ளேயே ரேகை பிறந்திருக்கும். அதை அடித்து வாளாக்கினால் நீர் ஓடின மாதிரி இருக்குமாம். உலகமே அந்த உருக்குக்காக நம் பக்கம் கப்பல் அனுப்பியதாம். இதைச் சொன்னவன் பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரின் தாடிக்காரன். நம்ம ஊர் எஃகைப் பற்றி அவன் எனக்குப் பாடம் எடுக்கிறான் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

எரிச்சலோடு மூசை செய்ய உட்கார்ந்தேன். களிமண்ணோடு உமி பிசைந்து, நிழலில் காயவைத்தேன். உள்ளே போட ஆவாரம் இலை வேண்டும், அது இந்தக் குளிருக்கு வளராது. பாய் பழனிப் பக்கத்திலிருந்து ஒரு சாக்கு இலை வரவழைத்தார். பதினோரு மூசை வைத்தேன். ஆறு உலைக்குள்ளேயே வெடித்தன. மூன்றில் இரும்பு முழுசாக உருகாமல் பொதபொதவென்று வந்தது. இரண்டு மட்டும் உருண்டையாக, அழகாக வந்தன. அவற்றைப் பழுக்கக் காய்ச்சி அடித்தேன். அவல் மாதிரி உதிர்ந்து போயின.

அந்த உருக்கின் குணமே அதுதான். சூடு கூடினால் உதிரும், குறைந்தால் அசையாது. நடுவே மங்கலான ஒரு சிவப்பு இருக்கிறது, அதிலேதான் பொறுமையாகத் தட்ட வேண்டும். ஒருவேளை உதிராமல் தப்பினாலும், சூடு ஒருமுறை எல்லை தாண்டிவிட்டால் உள்ளே இருக்கும் ரேகை கரைந்துவிடும். பிறகு எந்த அமிலத்தில் முக்கினாலும் வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த வழியும் இல்லை. பதினோராவது மூசையோடு கைவிட்டேன். இரண்டு மாதம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். எல்லோர் என்றால் அவள் ஒருத்திதான். மகள் அதற்குள் கல்யாணமாகி மதுரைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மூட்டுவலி வந்தது. தரையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று என்று நான் அடுப்படி மேடைக்கு ஒரு பலகையும், நானே செய்த ரேகைக் கத்தி ஒன்றும் கொண்டுவந்து வைத்தேன். நூற்றுக்கு மேல் அடுக்கு. பிடி ரோஸ்வுட். அதற்காக ஒரு ரிசார்ட் செஃப் கெஞ்சினார். கொடுக்காமல் இவளுக்கு வைத்தேன். இவள் நாலு நாள் அதில் வெட்டினாள். ஐந்தாம் நாள் நான் பட்டறையிலிருந்து வந்தபோது, காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் வாழைப்பூ அரிந்துகொண்டிருந்தாள்.

"கத்திக்கு என்ன ஆச்சு?"

"கத்தி பாக்க நல்லாருக்கு. காய்க்கு அம்புட்டு சரிவரல. இதுல வச்சா தானா எறங்குது," என்றாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஊரெல்லாம் மெச்சுகிற கத்தியை, கட்டிய மனைவி ஒரு பழைய அரிவாள்மணைக்குக் கீழே வைத்துவிட்டாள் என்று மனசு பொருமியது. பொறாமைதான். இரும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஐப்பசியில் ஒரு வாளுக்கு ஆர்டர் வந்தது. பெரிய காட்டேஜ் கட்டிய ஒருவர், வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு ரேகை வாள் கேட்டார். கூர் வைக்கமாட்டேன், வைத்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நான்தான் நடக்கணும் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார், வீடு பால் காய்ச்சும் தேதியையும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்தி செய்கிறவன் வேறு, வாள் செய்கிறவன் வேறு அல்லவா. மதுரைக்குச் சொல்லி நல்ல எஃகுப் பட்டை அனுப்பச் சொன்னேன்.

அவள் காப்பிப் பழம் பறிக்கிற சமயத்துக்கு வருஷா வருஷம் ஆடலூர் போவாள். அந்த வருஷமும் போனாள். போன மறுநாளிலிருந்து அடை மழை. காட்ரோடு மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. மதுரைச் சரக்கு கீழே மாட்டிக்கொண்டது. பாய் கடையில் இருந்ததெல்லாம் கதவுக் கம்பி. நான் உலையைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக இரண்டு நாள் பட்டறைக்குள் நடந்தேன். கறுக்கிற எஃகு ஒரே ஒரு துண்டு, ஒன்றரை அடி நீளம் இருந்தால் போதும்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் அரிவாள்மணை கிடந்தது.

கை துறுதுறுத்தது என்று சொன்னால் பொய். நிதானமாகத்தான் எடுத்தேன். மனசுக்குள் ஒரு வழக்கே நடத்தி எனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். டாக்டர் தரையில் உட்காரக் கூடாது என்றார். இது இருக்கிறவரை அவள் உட்காருவாள். அதே மணையில் நானே செய்த ரேகை இரும்பை வைத்துக் கொடுத்தால் இதைவிட நன்றாக வெட்டும், அவளும் வாயடைத்துப் போவாள். இப்படியெல்லாம் நினைத்தேன். பட்டறைக்குக் கொண்டுபோய் கிரைண்டரில் தொட்டேன். பொறி கொட்டியது. நான் சந்தோஷப்பட்டேன் என்று முதலிலேயே சொன்னேனே, அது இந்த இடம்தான்.

இரும்பை மணையிலிருந்து பிடுங்கி, சுருண்டிருந்த நுனியை விரல் நீளத்துக்கு அறுத்துப் போட்டுவிட்டு, மீதியைத் துண்டாக்கி ரம்பப் பட்டைகளுக்கு நடுவே அடுக்கினேன். உலையில் வைத்து மஞ்சளாகப் பழுத்ததும் பிரஸ்ஸில் அழுத்தினேன். ஓரத்தில் பிதுங்கிய அவளுடைய இரும்பு மட்டும் உதிர்ந்தது. அவல் மாதிரி. அதே மாதிரி உதிர்ந்ததை நான் என் மூசை உருண்டைகளில் பார்த்தவன். அப்போதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். "சனியனே, ஒட்டு," என்று இரும்பைத் திட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் வெங்காரம் அள்ளிப் போட்டேன். ஒட்டிவிட்டது.

வாள் நன்றாகத்தான் வந்தது. ரம்பப் பட்டை வெள்ளி மாதிரி மின்னியது, நடுவே இருந்த அடுக்கு வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். மணையில் நான் சொன்னபடியே புது ரேகை இரும்பைப் பொருத்தி, எண்ணெய் தடவி, அடுப்படியில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

பஸ் விட்டதும் அவள் பண்ணைக்காடு வழியாக வந்து சேர்ந்தாள். பையை இறக்கிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. நான் பாராட்டுக்குக் காத்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றேன்.

"நீங்க செஞ்சதா?"

"ஆமா. எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. பழசு எங்க?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு உண்மை வாயில் வரவில்லை. "பட்டறையில கெடக்கு," என்றேன்.

"வெரசா எடுத்துட்டு வந்து பரண்ல வச்சிருங்க. ஈரத்துல துருப்பிடிச்சிரும். பாப்பாவுக்குக் குடுக்கணும்," என்றாள்.

கிடந்தது உண்மைதான், விரல் நீளத்துக்கு. மறுநாள் வெள்ளனே பட்டறைக்குப் போய், குப்பையைக் கிளறி அந்த நுனியைத் தேடி எடுத்தேன். அதை வைத்து என்ன செய்ய நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. ஏதாவது பொருளில் பதித்து, பழசின் ஞாபகமாக இருக்கட்டும் என்று மகளுக்குக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு கணக்கு. துருவை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பழக்க தோஷத்தில் அமிலத்தில் போட்டேன். டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து எடுத்துக் கழுவினேன்.

தண்ணீர் வடிந்த மணல். மெல்லிய, ஒழுங்கில்லாத, ஒன்றையொன்று தொடாத வெள்ளை ரேகைகள். அடுக்கு இல்லை, ஒட்டு இல்லை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் அதே ஓட்டம். இரும்போடு பிறந்த ரேகை. பதினோரு மூசையை உடைத்து நான் தேடியது இருபது வருஷமாக என் அடுப்படியில் மாங்காய் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள். நான் எட்டிப் பார்த்து ஒரு தடவை குனிந்திருந்தால் போதும்.

பட்டறையைப் பூட்டினேன். பிறகு அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்துப் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடேயப்பா. எங்க கெடச்சது மாப்ள?"

"எங்க வீட்டு அடுப்படியில மாமா."

"வெண்ணெய கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்க," என்று சிரித்தார். "மிச்சம் எங்க?"

சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. துண்டைக் காகிதத்தில் திரும்ப மடித்து என் கையில் வைத்தார். அந்த அரிவாள்மணையின் கதை அவருக்குத் தெரியும். காட்டை விட்டுவிட்டு அதைத் தூக்கி வந்தாள் என்று அவர் கடையில் உட்கார்ந்துதான் நான் புலம்பியிருந்தேன்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இங்க எதுக்கு வந்த? போயி மொதல்ல அதுகிட்டச் சொல்லு. நாள் ஆக ஆகச் சொல்ல முடியாது."

அன்று சாயங்காலமே சொன்னேன். தைரியத்தால் அல்ல. அந்தத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அவள் மேடையில் சாய்ந்து நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். துண்டை அவள் முன்னால் வைத்தேன். மழை, மண்சரிவு, வாள், நுனி, அமிலம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டும்போதே என் பேச்சு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி உருக்கு இன்றைக்கு உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கும் தெரியுமா, நான் பதினோரு தடவை முயற்சி செய்து வராதது, எந்தக் காலத்துக் கொல்லன் செய்ததோ, சூட்டில் வைத்ததும் எல்லாம் போய்விட்டது, இனி எவனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்றெல்லாம் சொன்னேன். என் கண்ணிலிருந்து தண்ணீர்கூட வந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு துண்டை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"இந்தக் கறையத்தான் நான் தேச்சுத் தேச்சு எடுப்பேன்," என்றாள். பிறகு கேட்டாள், "இது வெறும் இரும்பா இருந்திருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்களா?"

நான் துண்டு சுற்றியிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாட்டீங்க. பட்டறையில கெடக்குன்னு சொன்னதோட விட்டுருப்பீங்க. நல்ல இரும்பு போச்சேன்னு அழுகுறீங்க. எனக்கு நல்லதா கெட்டதான்னு என்ன வந்துச்சு. எங்கம்மா கையி அதுல இருந்துச்சு. பாப்பாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அவ்வளவுதான் பேசினாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்; எனக்குப் பழக்கமான வழி அது. காட்டை எழுதிக் கொடுத்ததைச் சொல்லிக் காட்டியிருப்பேன். அவள் அதற்கு இடம் தரவில்லை. அரிசியை உலையில் போட்டாள். துண்டை மேடையிலேயே விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து நான்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் தரையில் உட்காருவதில்லை. மேடையில் நின்றபடி, சந்தையில் வாங்கிய ஒரு சாதாரணக் கத்தியால் வெட்டுகிறாள். நான் செய்த கத்தி உறையில் இருக்கிறது. நான் பொருத்திக் கொடுத்த மணையைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே ஆறிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் மகள் போன் செய்தாள். மாமனார் வீட்டிலிருந்து தனிவீடு போகிறார்களாம். இவள் கையில் வேலை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்து மேடையில் சாய்த்திருந்தாள். நான் நாலடி தள்ளி நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். குக்கர் வாங்கிவிட்டேன், மிக்ஸி வாங்கிவிட்டேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்த பிள்ளை, "அம்மாச்சி அருவாமணைய அப்பா வரும்போது குடுத்துவிட்டுருங்கம்மா. அது எனக்குன்னு சொல்லிருக்கீங்க," என்றாள்.

இவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது துருப்பிடிச்சுப் போச்சு பாப்பா. பழைய இரும்புக்காரன் வந்தான், போட்டுட்டேன்."

"எப்படிம்மா போட்டீங்க? அம்மாச்சியோடதும்மா அது," என்றாள் மகள்.

"மூட்டுவலி. உக்கார முடியல. சும்மா கெடக்குதேன்னு போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும். தப்புத்தான்," என்றாள் இவள்.

குடம் நிரம்பி வழிந்தது. நாலடிதான். எட்டிப் போனை எடுத்து, "அம்மா இல்ல பாப்பா, நாந்தான்," என்று சொல்வதற்கு எவ்வளவு நேரமாகியிருக்கும். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. நான் குழாயை மூடினேன். குடத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வரும்போது அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருந்தார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது, "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்," என்றாள். ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

மகளுக்கு இப்போது கோபம் ஆறிவிட்டது. லீவுக்கு வரும்போது வளையலையோ சங்கிலியையோ கழற்றினால், "அம்மாகிட்டக் குடுத்தா பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரும்," என்று கேலி செய்வாள். மாப்பிள்ளை சிரிப்பார். இவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் பட்டறையில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவேன்.